வகையுளி

ஓசூர் சிப்காட்டில் வண்டி செய்யும் கம்பெனிகளில் தினமும் புழங்கும் சொல் ஹோமோலகேஷன். புது மாடல் விற்பனைக்கு வரும்முன், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, புணேவின் ஏஆர்ஏஐ போன்ற அமைப்புகளிடம் வாங்கவேண்டிய சான்று. கிரேக்கத்தில் ஹோமோஸ் என்றால் ஒரே, லோகோஸ் என்றால் சொல். ஒத்துக்கொள்வது.

எங்கள் செக்‌ஷனில் தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் டிப்ளமோ பையன் ஒருவன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், ஆனேக்கல் ஆட்களோடு கன்னடம். மூன்றும் தண்ணிபட்ட பாடு. மீட்டிங்கில் இந்தச் சொல்லைச் சொன்னதும் மேலதிகாரி மூன்று தடவை "வாட்?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

டீக்கடையில் பேப்பரில் எழுதிக் காட்டினேன். நம் யாப்புப்படி ஹோ/மோ/லகே/ஷன்: நேர், நேர், நிரை, நேர். ஆங்கிலத்தில் ஐந்து அசை. 'கே' ஓங்கும், பக்கத்து 'ல' தேய்ந்தே போகும். 'ஷன்' என்று முடிந்தால் முந்தைய அசைக்கு அழுத்தம் ஓடிவிடும். அந்த வால் இல்லாத ஹோமோலகேட்டில் அது இரண்டாவது அசையில் இருக்கும். இதெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், 'லகே' நிரையில் லோகோஸின் வேர் முழுசாக இருக்கிறது. ஆங்கிலப் பிரிப்பில்தான் அது இரண்டாக அறுபடுகிறது. ஓசைக்காகப் பொருளை வெட்டும் இதைத்தான் நாம் வகையுளி என்கிறோம்.

"அப்ப நம்ம வெட்டுதான் சுத்தம், இல்லண்ணா?" என்று சிரித்தான். போன வார மீட்டிங்குக்கும் ரிப்போர்ட்டை மெயிலில்தான் அனுப்பினான்.