மெர்குரிக்கு வக்காலத்து

ஒரு பாடகர் காலமாகிவிட்டால் அவருடைய வேலை முடிந்து போகிறது. அவருடைய ரஸிகர்களுக்கோ அன்றுதான் வேலை தொடங்குகிறது. அவர் உயிரோடிருந்த வரையில் பாட்டைக் கேட்டு, கையைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதுமாயிருந்தது. இனிமேல் அப்படியல்ல. பத்திரிகைக்காரர் ஒருவர் "ஆசாமி இன்ன மாதிரி" என்று எழுதுவார். அதை மறுக்க வேண்டும். சினிமாக்காரர் ஒருவர் படம் எடுப்பார்; அதில் வருஷக் கணக்கைச் சரி பார்க்க வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் "அதெல்லாம் ஒரு ஸங்கீதமா?" என்பார், அவரிடம் சண்டைக்குப் போக வேண்டும். இறந்தவர் கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போவதில்லை. வக்காலத்து முழுவதும் ரஸிகர்கள் கையில்தான்.

இப்படி முப்பது வருஷங்களுக்கு மேலாக ஓயாமல் வழக்காடி வருகிறவர்களில் முதல் ஸ்தானம் பெறத் தக்கவர்கள் பிரெட்டி மெர்குரியின் ரஸிகர்கள் என்பது நம் அபிப்பிராயம். 'குயீன்' என்ற ஆங்கில ராக் ஸங்கீதக் கோஷ்டியின் பிரதான பாடகராக விளங்கி, 1991-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி, எய்ட்ஸ் நோயின் விளைவாகத் தமது 45-வது வயதில் லண்டனில் காலமானவர் அவர். நாமும் கலாசாலையில் வாசித்த நாட்களில், விடுதியில் யாரோ வைத்திருந்த ஒலிநாடாவில் அந்தக் குரலைக் கேட்டு மயங்கியவர்தாம். ஆகவே இந்த வழக்கில் நாம் முற்றும் நடுநிலையாளர் என்று சொல்லிக் கொள்வதற்கில்லை.

ராக் என்றதும் முகத்தைச் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். மெர்குரி பிறந்தது ஆங்கிலேயர் வீட்டில் அல்ல. 1946-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, ஜான்ஜிபார் தீவில், ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பரூக் புல்ஸாரா. குஜராத்திலுள்ள புல்ஸார் என்ற ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தகப்பனார் பிரிட்டிஷ் சர்க்கார் உத்தியோகத்தில் காசாளர். பையனை எட்டு வயதில் கப்பலேற்றி, பம்பாய் மாகாணத்துப் பஞ்சகனி மலையிலிருந்த ஸெயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே பியானோ கற்றுக் கொண்டார். பன்னிரண்டு வயதில் தோழர்களுடன் ஒரு சிறு வாத்திய கோஷ்டியும் ஆரம்பித்தார். வாயில் அதிகப்படியாக நான்கு பற்கள் இருந்தபடியால் முன்பற்கள் துருத்தி நின்றன. சகபாடிகள் அதற்கொரு கேலிப் பெயர் சூட்டினார்கள். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் பார்க்கும் நமக்கு, அந்த மாதிரிப் பெயர்கள் எவ்வளவு ஆழமாகப் பாயும் என்பது தெரியும். உலகப் பிரஸித்தி அடைந்த பிறகும் அவர் சிரிக்கும்போது உதட்டாலோ கையாலோ பல்லை மறைத்துக் கொள்வார். ஆனால் அதிகப் பற்களைப் பிடுங்கிவிடச் சம்மதிக்கவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்!

1964-ல் ஜான்ஜிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் ஓடி வந்து, லண்டனை அடுத்த பெல்தமில் குடியேறியது. பையன் ஈலிங் கலைக் கல்லூரியில் சித்திர வேலை படித்தான். விமான நிலையத்தில் மூட்டை சுமந்தான். கடைவீதியில் பழந்துணி விற்றான். 1970-ல் பிரையன் மே, ராஜர் டெய்லர் என்ற இருவருடன் சேர்ந்து கோஷ்டி அமைத்து, அதற்குப் பெயரும் சூட்டி, முத்திரைச் சித்திரமும் தானே எழுதிக் கொடுத்தான். மறு வருஷம் ஜான் டீகன் வந்து சேர, நால்வர் ஆனார்கள். பரூக் புல்ஸாரா பிரெட்டி மெர்குரி ஆனதும் அக்காலத்தில்தான்.

பெயரை மாற்றிக் கொண்டதே ஒரு குற்றச்சாட்டு. "பிறந்த குலத்தை மறைத்தவர்" என்று நம் தேசத்தவர் சிலரே குறை கூறுகிறார்கள். பேட்டிகளில் அவர் தமது பூர்வோத்தரத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை என்பது மெய்தான். ஆனால் 1970-ம் வருஷத்து லண்டன் தெருக்களில் கறுத்த நிறத்தவர்கள் கேட்க வேண்டியிருந்த வசவுகளைக் கேட்டறியாதவர்கள், வசதியான நாற்காலியில் சாய்ந்து கொண்டு இந்தக் குற்றப் பத்திரிகையைத் தயாரிக்க வேண்டியதில்லை. பெற்றோரின் வீட்டை அவர் மறக்கவில்லை. அவருடைய இறுதிச் சடங்கும் ஜரதுஷ்டிர மதப் புரோகிதர்களைக் கொண்டே நடந்தது.

இனிப் பெரிய வழக்குக்கு வருவோம். 2018-ல் அவருடைய சரித்திரத்தைச் சொல்வதாக 'பொஹீமியன் ராப்ஸடி' என்ற திரைப்படம் வெளிவந்தது; நான்கு ஆஸ்கார் பரிசுகளும் பெற்றது. நம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு வந்து குயீன் பைத்தியம் பிடித்து அலைந்தான். பாட்டுக்களைத் தேடிக் கேட்டான்; புஸ்தகங்களைத் தேடிப் படித்தான்; இரண்டே மாதத்தில் அந்தப் படத்துக்குப் பரம விரோதியாகிவிட்டான்! "மழைக் காலம்" என்று வியாசம் எழுதச் சொன்னால், "படத்திலுள்ள பொய்கள்" என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வந்தான். மதிப்பெண் கொடுப்பதா, காதைத் திருகுவதா என்று சிறிது நேரம் திகைத்தோம். முடிவில் மதிப்பெண்ணே கொடுத்தோம். ஏனென்றால் பையன் எழுதியிருந்தது அத்தனையும் சரி.

படத்தின்படி, பணத்தாசை பிடித்த மெர்குரி தோழர்களுக்குத் தெரியாமல் தனி ஒப்பந்தம் செய்து கொண்டு, கோஷ்டியைக் கைவிட்டுப் போகிறார்; துஷ்டர் சகவாசத்தில் விழுகிறார்; நோய் வருகிறது; மனம் திருந்தி வந்து மன்னிப்புக் கேட்கிறார்; வருஷக் கணக்கில் சேர்ந்து வாசிக்காத நால்வரும் 1985-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி வெம்பிளி மைதானத்தில், எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியில் ஒன்று கூடுகிறார்கள்.

உண்மை என்ன? தனியாக இசைத்தட்டு முதலில் வெளியிட்டவர் மெர்குரி அல்ல. மிருதங்க ஸ்தானத்தில் இருந்த டெய்லர்தான், 1981-ல். அப்புறம் மே, 1983-ல். மெர்குரியின் முறை வந்தது 1985-ல். கோஷ்டியிலே கடைசிக்கு முந்தியவர் என்று சொல்லலாம். கோஷ்டியோ கலையவே இல்லை. 1984-ல் புதிய இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1985 ஜனவரியில் பிரேஸில் தேசத்து ரியோ நகரில் பிரம்மாண்டமான கூட்டத்துக்கு முன் பாடினார்கள். அவ்வருஷம் மே மாதத்தில் ஜப்பானில் சுற்றுப் பிரயாணத்தை முடித்தார்கள். 'லைவ் எய்ட்' நடந்ததோ அதற்கு இரண்டே மாதம் கழித்து. நோய் இன்னதென்று நிச்சயமானது 1987-ல் என்று அவருடன் கூட வாழ்ந்தவர் எழுதியிருக்கிறார். ஆக, படத்தில் அவர் ஒத்திகைக் கூடத்தில் தோழர்களிடம் கண் கலங்கிச் சொல்லும் செய்தி, வாஸ்தவத்தில் அவருக்கே அப்போது தெரியாது!

"சினிமாவென்றால் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும், இதற்கு இவ்வளவு ரகளையா?" என்று கேட்கலாம். 1977-ல் வந்த பாட்டை 1980-ல் இயற்றுவதாகக் காட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டு தலையில் அடித்துக் கொள்ளும் ரஸிகர்களைப் பார்த்து நாமும் சிரித்ததுண்டு. ஆனால் மேலே சொன்னது அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. வருஷங்களை இப்படிக் கலைத்து அடுக்கியதில் ஒரு ஹரிகதை உண்டாகிவிட்டது. துரோகம் முதலில், நோய் அதற்குத் தண்டனை, மன்னிப்பு முடிவில். நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டும் இந்தக் கதை புதியதன்று. அவர் இறந்த வாரத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் சில எழுதிய கதையே இது. ஆண்களிடம் அன்பு கொண்டவர், ஆகையால் அனுபவித்தார் என்று கூசாமல் எழுதினார்கள். அதைத்தான் ரஸிகர்கள் அன்றும் மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். இதில் விசித்திரம், அந்தப் படத்துக்கு மேயும் டெய்லரும் கூட இருந்து ஒத்துழைத்தார்கள் என்பது. இறந்த நண்பரை, இருக்கும் நண்பர்களிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய தர்மசங்கடம் ரஸிகர்களுக்கு நேர்ந்தது!

நோயை ஒளித்து வைத்தார் என்பதும் ஒரு புகார். பத்திரிகைப் படம் பிடிப்போர் அவருடைய கென்ஸிங்டன் வீட்டு வாசலில் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நவம்பர் 23-ந் தேதி ஓர் அறிக்கை விடுத்தார். மறுநாள் மாலை உயிர் நீத்தார். முன்பே சொல்லியிருந்தால் அதே நோயால் வருந்திய ஏழைகளுக்குத் தைரியம் பிறந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் வியாதிக்காரன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்ளக் கூடாதென்று சட்டம் போட நாம் யார்? அவர் மரணத்துக்குப் பின் 'பொஹீமியன் ராப்ஸடி' பாட்டு மறுபடி வெளியாகி மறுபடி முதலிடம் பெற்றபோது, வந்த பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் தர்ம ஸ்தாபனத்துக்குப் போயிற்று. 1992 ஏப்ரல் 20-ந் தேதி வெம்பிளியில் நடந்த நினைவுக் கச்சேரியிலிருந்து ஒரு நிதியும் பிறந்தது.

இதுவரையில் ரஸிகர்கள் பக்கம் பேசினோம். ஓர் இடத்தில் அவர்களுடன் சேர்ந்து நடக்க நமக்குக் கால் வரவில்லை. 1984 அக்டோபரில் குயீன் கோஷ்டியார் தென்னாப்பிரிக்காவிலுள்ள ஸன் ஸிட்டி என்னும் உல்லாச நகரில் கச்சேரி செய்தார்கள். நிறவெறி அரசாங்கம் கொடி கட்டிப் பறந்த காலம். கலைஞர்கள் அங்கே போகக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக் கொண்டிருந்தது. இவர்கள் போனார்கள். ஐ.நா. சபை வெளியிட்ட கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிற்று. பிரிட்டிஷ் வாத்தியக்காரர் சங்கம் அபராதம் போட்டது.

ரஸிகர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவர்களுக்கு அரசியல் தெரியாது", "எல்லா நிறத்தாருக்கும் முன்னால்தான் பாடினார்கள்", "பார்வையும் செவியும் இழந்த குழந்தைகளின் பள்ளிக்குப் பணம் கொடுத்தார்கள்", "மேயும் டெய்லரும் 2003-ல் மண்டேலாவின் கச்சேரிக்குப் போய் வாசித்தார்களே!" இவையெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். காந்திஜி இருபத்தோரு வருஷம் போராடிய மண் அது. நமது தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, அதனால் உயிர் துறந்த மண். மெர்குரி பிறந்த அதே 1946-ல், இன்னும் பூரண விடுதலை கூடப் பெறாத நம் தேசம், கிடைத்த லாபத்தைத் துச்சமாக எண்ணித் தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தையே நிறுத்திக் கொண்டது. பஞ்சகனியில் ஏழெட்டு வருஷம் படித்த பையனுக்கு இது ஒன்றுமே காதில் விழவில்லையென்றால், குறையில் பாதி அந்நாளைய பள்ளிக்கூடங்களைச் சேரும் என்று வேண்டுமானால் சொல்லலாம். உபாத்தியாயர் என்ற முறையில் அதை ஏற்றுக் கொள்ளவும் நாம் தயார். ஆனால் மீதிப் பாதி அவருடையதே. அதை அவர் கணக்கில் எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சினிமாவின் பொய்யைப் பிடித்த அதே கை, இந்த உண்மையை மூடினால், பிறகு அந்தக் கையை யார் நம்புவார்கள்?

அதே மாதிரி, இல்லாத பெருமையைச் சூட்டுவதையும் நாம் விரும்புகிறோமில்லை. மெர்குரியின் குரல் நான்கு ஸ்தாயி பேசும் என்று ரஸிகர்கள் சொல்லிச் சொல்லி அது வேதவாக்காகிவிட்டது. 2016-ல் ஆஸ்திரியா, செக், ஸ்வீடன் தேசங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அவருடைய ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார்கள். நான்கு ஸ்தாயிக்கு அத்தாட்சி அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. பேசும்போது அவருக்குக் கனத்த சாரீரம்; பாடும்போதோ மேல் ஸ்தாயியில் ஸஞ்சரித்தார். ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அவர் குரல் வினாடிக்கு ஏழு தடவைக்கு மேல் அதிர்ந்தது. பயிற்சி பெற்ற மற்றப் பாடகர்களுடையதை விட இது சற்று வேகம். உச்சத்தில் உறுமும் இடங்களில், குரல் நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கமகத்தில் பழகிய நம் காதுக்கு இந்தச் செய்தி, நான்கு ஸ்தாயிக் கதையை விட ருசிக்கிறது.

எல்லாப் பாட்டும் அவருடையதென்பதும் சரியல்ல. மைதானங்களில் ஜனங்கள் காலை உதைத்துக் கை தட்டும் 'வீ வில் ராக் யூ' மேயின் இயற்றல். 'ரேடியோ கா கா' டெய்லருடையது. மெர்குரியின் கைவேலையை அறிய 1975-ல் வந்த 'பொஹீமியன் ராப்ஸடி' போதும். ஏறக்குறைய ஆறு நிமிஷப் பாட்டு. அவ்வளவு நீளத்தை யார் கேட்பார்கள் என்றார்கள். நடுவிலே ஆபரா மாதிரி வரும் பகுதிக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் பிடித்தது. மூன்றே பேர் குரலை அடுக்கடுக்காக மேலே மேலே பதிந்து, ஒரு பெரிய பாடகர் கூட்டத்தை உண்டாக்கினார்கள். ஒலிநாடா தேய்ந்து வெளிச்சம் ஊடுருவத் தொடங்கியதாம். இங்கிலாந்தில் ஒன்பது வாரம் அது முதலிடத்தில் நின்றது. பிற்காலத்தில், 1989-ல், யார் இயற்றினாலும் நால்வர் பெயரையும் போடுவதென்று ஒப்புக் கொண்டார்கள். பணத்துக்காகத் தோழர்களை விட்டு ஓடியவர் என்று சொல்லப்பட்ட மனிதர், நோய் தெரிந்த பின் ஒப்புக் கொண்ட ஏற்பாடு இது.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் பாடினதுதான். 1991 மே மாதம் எடுத்த கடைசிப் படச்சுருளில் முகம் ஒட்டி, கன்னம் குழிந்து நிற்கிறார். மெலிவு தெரியாமலிருக்கக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் மாண்ட்ரோ நகர ஏரிக்கரையிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், "எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடி வைக்கிறேன்; பிற்பாடு நீங்கள் முடித்துக் கொள்ளுங்கள்" என்ற பாவனையில் தோழர்களை அவசரப்படுத்தினாராம். நிற்க முடிந்த நாட்களில் வந்து பாடினார்.

அப்படிப் பாடியவற்றில் ஒன்று 'மதர் லவ்'. கடைசி அடி பாக்கியிருக்கையில், களைத்துப் போய், மறுபடி வந்து முடிப்பதாகச் சொல்லிச் சென்றார். வரவில்லை. 1995-ல் அது இசைத்தட்டில் வெளிவந்தபோது அந்தக் கடைசி அடியை மே பாடியிருந்தார். குரல் மாறும் இடம் காதுக்கு நன்றாகத் தெரிகிறது.