முதலில் கொஞ்சமாகத் திற

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. வானொலியில் பேசுகிறவன் என்பதால், அறிவிப்போடு ஒலிபெருக்கியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானே பூட்டிய பெட்டி அது. 36 வோல்ட், 10 ஆம்பியர் சுவிட்சிங் பவர் சப்ளை, அதோடு ஒரு சிறிய ஆம்பிளிஃபையர். உருமி அடித்தால் நெஞ்சு அதிர வேண்டும் என்ற ஆசையில், புறப்படும் முன் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நான்கைச் சேர்த்திருந்தேன். போட்டுப் பார்க்க நேரமில்லை.

கோயிலில் சுவிட்சைத் தட்டினேன். 'டிக்... டிக்... டிக்...' விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. சத்தம் வரவில்லை. தேவாரம் பாட மேடையேறிய எட்டு வயதுப் பிள்ளை மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வெறும் தொண்டையில் பாடினாள். மூன்றாவது வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த அவள் பாட்டிக்கும்தான்.

மறுநாள் பெட்டியோடு பெரியப்பா வீட்டில் நின்றேன். பால்மரம் சீவிய காலத்திலேயே லயத்து வானொலிகளைப் பழுது பார்த்தவர். "சப்ளை செத்துப்போச்சு பெரியப்பா" என்றேன்.

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் ஒரு ரெசிஸ்டரைச் சற்று நேரம் பிடித்தார். "சுவிட்சை அணைச்சாலும் உள்ளே கரண்டு நிக்கும். இறக்காம கை வைக்காதே." நான்கையும் கழற்றிவிட்டுப் போட்டார். பெட்டி பாடியது!

"லயத்துக்குப் புதுத் தண்ணித் தொட்டி வச்சப்போ என்ன ஆச்சு? காலித் தொட்டிக்கு வால்வை முழுசாத் திறந்தாங்க. ஒரு வீட்டுக் குழாயிலயும் தண்ணி வரலை. அதே கதைதான் தம்பி."

காலிக் கெப்பாசிட்டர், சுவிட்ச் போட்ட கணத்தில் ஏறக்குறைய ஷார்ட் சர்க்கியூட் மாதிரிதான். வழியில் இருக்கும் தடை 0.1 ஓம் என்று வைத்தால், கணக்குப்படி 360 ஆம்பியர் கேட்கும். சப்ளையிடம் இருப்பதோ 10. அதை வைத்து நான்கையும் நிரப்ப ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். நமக்குக் கண்சிமிட்டும் நேரம். சப்ளைக்கு அது அதிகம். வெளியே கம்பி ஒட்டிக்கொண்டது என்று எண்ணி, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். நான் கேட்ட 'டிக்' அதுதான்.

"அந்த லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தி வச்சிடலாமா?"

"குரைக்குதுன்னு காவல் நாயோட வாயைக் கட்டுவியா?"

வழி இருக்கிறது. நடுவில் 33 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், முதல் பாய்ச்சல் ஏறக்குறைய 1 ஆம்பியரோடு நின்றுவிடும். ஏழு வினாடியில் கெப்பாசிட்டர் அநேகமாக நிரம்பிவிடும். பிறகு ஒரு ரிலே அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேர்வழியைத் திறக்கும். அதுவரை ஆம்பிளிஃபையர் கரண்டு இழுக்கக் கூடாது. இழுத்தால் வோல்ட் முழுதாக ஏறாது. தெர்மிஸ்டரும் போடலாம். ஆனால் அணைத்த உடனே மீண்டும் போட்டால், சூடு ஆறாத தெர்மிஸ்டர் தடுக்காது.

எல்லாம் சொல்லிவிட்டுப் பெரியப்பா கேட்டார்: "சரி, இத்தனை கெப்பாசிட்டர் எதுக்கு?"

பதில் இல்லை. பெரிய கெப்பாசிட்டர் போட்டால் நல்லது என்பது பழைய டிரான்ஸ்ஃபார்மர் காலத்துப் பாடம். அங்கே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வினாடிக்கு 100 முறை மேடும் பள்ளமுமாக வரும், பள்ளத்தை நிரப்பப் பெரிய தொட்டி வேண்டும். சுவிட்சிங் சப்ளை வினாடிக்குப் பல்லாயிரம் முறை நிரப்புகிறது. அதற்குச் சின்னக் குடமே போதும். 2,200 மைக்ரோஃபாரட் ஒன்றை மட்டும் வைத்து மூடினார். ரெசிஸ்டரும் ரிலேயும் தேவைப்படவில்லை.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முதல் நாளே போய்ப் பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே பிள்ளைதான் பாடினாள். பாட்டி கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.