பிளெச்லி தோட்டத்தில் ஒரு பகல்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் எம்மவர் முதலிற் காண விரும்புவன கோபுரப் பாலமும், அரண்மனை வாயிலும், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுமேயாம். கடந்த விடுமுறையில் எமது தமக்கையார் இல்லத்திற் சில நாள் தங்கியபோது நாமும் இவற்றைக் கண்டு களித்தோம். ஆயினும், நெடுங்காலமாகக் கணிதம் கற்பித்து வரும் எமக்கு வேறோர் இடத்தைக் காணும் ஆவல் மனத்தில் இருந்துவந்தது. அதுவே பிளெச்லி தோட்டம்.

வழித்துணையாக வந்தவன் எமது மருமகன். கணினித் துறையிற் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தவனை அப்பொழுதுதான் ஒரு நிறுவனம் அழைத்திருந்தது. ஆளில்லா விமானங்கள் வானிலிருந்து பிடிக்கும் படங்களைக் கணினியே பார்த்து, தரையில் உள்ளது வண்டியா, வீடா, மனிதனா என்று இனங்காணச் செய்யும் வேலை. சம்பளமோ பெரிது. தமக்கையாரும் அத்தானும் மகிழ்ச்சிக் கடலில் இருந்தனர். பையன் மட்டும் இரண்டு இரவுகளாகச் சரியாக உறங்கவில்லை.

"மாமா, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று புகையிரதத்தில் ஏறியதும் கேட்டான்.

"முதலில் இடத்தைப் பார்ப்போம், தம்பி, பிறகு பேசுவோம்" என்றோம். உண்மையைச் சொன்னால், எம்மிடம் அப்பொழுது விடை இருக்கவில்லை.

யூஸ்டன் நிலையத்திற் புறப்பட்ட வண்டி ஒரு மணி நேரத்துக்குள் எம்மைப் பிளெச்லியில் இறக்கிவிட்டது. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தோட்டம். ஏரி, புல்வெளி, அவற்றின் நடுவே பல பாணிகளைக் கலந்து கட்டிய செங்கல் மாளிகை. சேர் ஹேர்பேட் லியோன் என்னும் செல்வந்தர் வாழ்ந்த இம்மாளிகையை 1938ஆம் ஆண்டில், யுத்த மேகங்கள் திரண்டு வந்த வேளையில், பிரித்தானிய இரகசியச் சேவையின் தலைவர் வாங்கினார். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரு சர்வகலாசாலைகளிலிருந்தும் புகையிரதத்தில் இவ்விடத்துக்கு வரக்கூடியதாயிருந்தது. அறிஞர்களை வரவழைப்பதற்கு அது பெரிதும் உதவியது.

மாளிகையைக் காட்டிலும் எம்மைக் கவர்ந்தவை அதன் பக்கத்திலுள்ள மரக் கொட்டில்களே. எமது நாட்டுப் பாடசாலைகளின் தற்காலிக வகுப்பறைகள் போன்றவை. ஒடுங்கிய நடைவழி, மங்கிய விளக்கு, நாற்காலி மேசைகள். இவற்றினுள் இருந்துகொண்டுதான் ஜேர்மானியப் படைகளின் இரகசியச் செய்திகளை வாசித்தார்கள். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கே ஏறக்குறைய 9,000 பேர் வேலை செய்தனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள்.

ஜேர்மானியர் கையாண்ட யந்திரத்தின் பெயர் எனிக்மா. தட்டெழுத்துப் பொறி போன்ற தோற்றமுடையது. ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே சக்கரங்கள் சுழல்வதால், அதே எழுத்தை மறுமுறை தட்டினாற் பிறிதோர் எழுத்து வரும். யந்திரத்தை அமைக்கக்கூடிய வழிகளின் தொகை, 159 என எழுதி அதன் பின்னே 18 பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணுக்கு அண்மையது. அந்த அமைப்பையும் நாள்தோறும் மாற்றினார்கள்.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் ஒருபோதும் தன் உருவிலேயே வெளிவராது. ஒவ்வொரு காலையும் வரும் காலநிலைச் செய்தியில் 'காலநிலை' என்ற சொல் இருக்குமென ஊகித்து, அதனை இரகசிய எழுத்துக்களின் கீழே நகர்த்திப் பார்ப்பார்கள். எங்கேனும் ஓர் எழுத்து மேலும் கீழும் ஒன்றாயின் அந்த இடம் பிழை. எஞ்சிய இடங்களை வைத்துக்கொண்டு, முரண்பாடு தரும் அமைப்புக்களை விரைந்து தள்ளிவிடுவதற்கென 'பொம்' என்னும் பெரிய மின்யந்திரத்தை அலன் டியூரிங் வகுத்தார். கோர்டன் வெல்ச்மன் அதனைத் திருத்தமுறச் செய்தார். உயர்தர வகுப்பில் நாம் கற்பிக்கும் முரண்பாட்டு முறை நிறுவல் இரும்பு வடிவெடுத்து நிற்பதைக் கண்டு, நாம் அதன்முன் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

இப்புகழ் முழுவதையும் ஆங்கிலேயருக்கே கொடுத்துவிடுதல் நீதியாகாது. 1932ஆம் ஆண்டிலேயே எனிக்மாவை முதலிற் கணிதத்தால் வென்றவர் போலந்து நாட்டினரான மரியன் ரெயெவ்ஸ்கி. அவரும் அவருடைய இரு தோழர்களும் கண்டறிந்தவற்றை, யுத்தம் மூளுவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர் போலந்து தன் நேசநாடுகளுக்கு வழங்கியது. அம்மூவருக்கும் இங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வருவோர் பலரும் அதனைக் கடந்து போகின்றனர். எமது வாசகர் எவரேனும் சென்றால் சற்று நின்று வருக.

எட்டாம் கொட்டிலில் டியூரிங்கின் அறை. தேநீர்க் கோப்பை களவு போகாதிருக்க அதனைச் சங்கிலியாற் பிணைத்து வைத்தவர் அவர். எதிரி நாட்டினுட் புகுந்துவிடுவான் என அஞ்சி வெள்ளிக் கட்டிகளைப் புதைத்துவைத்து, பின்னர் புதைத்த இடத்தைத் தாமே கண்டுபிடிக்க முடியாமல் திகைத்தவரும் அவரே! உலகத்தின் மிகக் கடினமான இரகசியங்களை அவிழ்த்தவருக்குத் தம் இரகசியம் அவிழவில்லை.

அவருக்குத் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டென்பதைப் பலர் அறியார். அவருடைய அன்னையார் பிறந்த ஊர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர். தந்தையார் சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பெற்றோர் அங்கே இருக்க, பிள்ளைகள் இங்கிலாந்திற் பிறர் பராமரிப்பில் வளர்ந்தனர். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குக் காத்திருக்கும் எமது தாய்மாரை நினைத்துக்கொண்டோம்.

அவரோடு அதே கொட்டிலில் வேலை செய்த ஜோன் கிளார்க் என்ற பெண்மணி சிறந்த கணித வல்லுநர். பெண்ணாதலாற் சம்பளம் குறைவு. அதனை உயர்த்துவதற்காக, பிறமொழி எதுவும் அறியாத அவரை 'மொழி வல்லுநர்' என்று பதிவு செய்தார்களாம். எமது மாணவியர் இதனை அறிதல் நன்று.

யுத்தம் முடிந்தபின் அந்நாடு டியூரிங்குக்குச் செய்த கைம்மாறு யாது? அவருடைய அந்தரங்க வாழ்வைக் காரணங்காட்டி 1952ஆம் ஆண்டில் நீதிமன்றில் நிறுத்திக் குற்றவாளியாக்கியது. 1954ஆம் ஆண்டில், 42 வயது நிறையுமுன் அவர் இறந்தார். 2009இற் பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டார். 2021இல் 50 பவுண் நாணயத்தாளில் அவருருவம் ஏறியது. அரசுகள் மனிதரின் அறிவை உடனே எடுத்துக்கொள்கின்றன. நன்றியைப் பல்லாண்டு கழித்தே செலுத்துகின்றன.

மாளிகைக்கு அயலிலுள்ள நூதனசாலையில் 'கொலோசஸ்' என்னும் யந்திரத்தை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். தபாற் பகுதிப் பொறியியலாளரான டொம்மி பிளவர்ஸ் அமைத்த இது 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் மினுங்க, துளையிட்ட கடதாசி நாடா விரைந்தோடிற்று. இன்று எமது சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியின் மூதாதையருள் ஒன்று அது. அந்த மூதாதை யுத்தத்திற் பிறந்தது.

இப்பணியால் யுத்தம் இரண்டு ஆண்டுகளேனும் சுருங்கியது என்பது, இங்கே வேலை செய்து பின்னர் வரலாற்றாசிரியரான ஹாரி ஹின்ஸ்லியின் மதிப்பீடு. மருமகன் இதனைப் பிடித்துக்கொண்டான்.

"பார்த்தீர்களா மாமா? கணிதம் உயிரைக் காத்திருக்கிறது. நானும் அப்படித்தானே?"

ஏரிக்கரையில் அமர்ந்தோம். 1990இல் நாம் சிறுவனாயிருந்தபோது யாழ்ப்பாணத்தில் எமது வீட்டு வளவினுள் ஒரு பதுங்கு குழி இருந்தது. மேலே பனங்குற்றியும் மணல்மூட்டையும். விமான இரைச்சல் கேட்டதும் அப்பு எம்மையும் தமக்கையாரையும் உள்ளே தள்ளிவிடுவார். மேலே பறப்பவனுக்கு நாங்கள் சிறுவர் என்பது தெரியுமா என்று ஒரு நாள் தமக்கையார் கேட்டார். அப்பு பதில் சொல்லவில்லை. அந்தத் தமக்கையாரின் மகன்தான் இப்பொழுது எம் அருகே இருப்பவன். அவர் இக்கதையை அவனுக்குச் சொன்னதே இல்லையாம். நாம் சொன்னோம்.

"தம்பி, இங்கே இருந்தவர்கள் யந்திரத்தைக் கொண்டு எதிரியின் பேச்சைக் கேட்டார்கள். கேட்டபின் என்ன செய்வதென்று மனிதர் முடிவுசெய்தனர்; அதில் நன்மையும் தீமையும் கலந்தே இருந்திருக்கும். உன் யந்திரம் பார்த்துச் சொன்னபின் முடிவுசெய்பவர் யார்? அதனை நீ கேட்டாயா?"

அவன் கேட்கவில்லை.

இதே மாளிகையில் 2023ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் உலக நாடுகள் கூடி, செயற்கை நுண்ணறிவால் வரக்கூடிய ஆபத்துக்களைப் பற்றி ஆராய்ந்தன. அமெரிக்கா, சீனா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பிரகடனத்தில் இணைந்தன. நல்லதே. ஆயினும், பிரகடனங்கள் மேசைமேற் கிடக்க யுத்தங்கள் வீதியில் நடக்கின்றன என்பதை எமது தலைமுறை அறியும். யந்திரத்தை ஆக்குபவன் கேட்கும் கேள்வியே முதற் காவல் என்பது எமது அபிப்பிராயம்.

எமக்கும் இதில் முழுத் தூய்மை இல்லை. திரும்பும் வழியில் நிலையத்தைக் காட்டிய கைத்தொலைபேசி வரைபடம், அமெரிக்கப் படையின் தேவைக்காக உருவான செய்ம்மதிகளைக் கொண்டே இயங்குகிறது. அதனைச் சுட்டிக்காட்டி மருமகன் சிரித்தான், நாமும் சிரித்தோம்.

ஊர் திரும்பி மூன்று வாரங்களின் பின் அவனிடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனத்தாரிடம் அக்கேள்வியை எழுத்திற் கேட்டானாம். கிடைத்த மறுமொழி இரண்டு பக்கம். அதில் விடை மட்டும் இல்லையாம். வேலையை ஏற்கவில்லை, இப்பொழுது ஒரு வைத்தியசாலையின் கணினிப் பகுதியிற் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தான். தமக்கையார் எம்மோடு சில நாள் பேசவில்லை. பின்னர் ஒரு மாலை அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"அந்தப் பதுங்கு குழி இப்பவும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

தூர்த்து வாழை நட்டிருக்கிறோம் என்றோம்.

"குலை போட்டதா?" என்றார்.

போட்டிருக்கிறது.