சேற்றில் விரிந்த பந்தி



மான்குர்த் நிலையத்தைக் கடந்து வாஷிப் பாலத்தின்மேல் ரயில் ஏறும்போது நம்மில் பலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கீழே தாணே கடற்கழி. நீர் வற்றிய வேளையில் அது கண்ணுக்கெட்டிய தூரம் கருஞ்சேறாகவே கிடக்கும். செம்பூரிலும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நவி மும்பையிலும் குடியிருக்கும் நாம் அந்தப் பாலத்தை எத்தனையோ முறை கடந்திருப்போம். ஒருமுறையாவது அந்தச் சேற்றை நின்று பார்த்ததுண்டா? குளிர் விடைபெற்று வெயில் தலைகாட்டும் பிப்ரவரிக் கடைசியும் மார்ச் மாதமும் அதைப் பார்ப்பதற்கு ஏற்ற காலம்.

தாணேயிலிருந்து வாஷி செல்லும் ரயிலில் ஐரோலியில் இறங்குங்கள். அங்கே வனத்துறையின் கடலோர உயிரினப் பன்மை மையம் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், அலையாத்திக் காடுகளின் ஓரமாகப் படகில் அழைத்துச் செல்வார்கள். படகின் நேரத்தைக் கடிகாரம் அல்ல, கடலே குறிக்கிறது. ஓதம் ஏறியிருந்தால்தான் படகு ஓடும். அது வற்றத் தொடங்கினால்தான் பறவைகள் இரை தேடச் சேற்றில் இறங்கும். ஆகவே புறப்படுமுன் அன்றைய ஓத நேரத்தைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

படகு ஒரு வளைவைத் திரும்பியதும் தொலைவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரியும். கரையில் யாரோ சேலைகளை உலர்த்தியிருப்பதுபோல் தோன்றும். நெருங்க நெருங்க அந்தக் கோடு ஆயிரமாயிரம் கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரியும். அவையே பூநாரைகள். நம் ஊர்ப் பக்கம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் காணப்படும் அதே பறவைகள்தாம். இங்கே இரண்டு வகைகள் வருகின்றன. பெரும் பூநாரை நாலடிக்கும் மேல் உயர்ந்து, வெளிறிய நிறத்துடன், நுனி கறுத்த ரோஜா நிற அலகுடன் நிற்கும். சிறு பூநாரை மூன்றடி உயரமே இருக்கும். அதன் அலகு கருஞ்சிவப்பு. கூட்டத்தில் பெரும்பான்மை சிறியவையே. நல்ல பருவங்களில் இந்தக் கழியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

அவை உண்ணும் விதத்தைக் கவனியுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பகுதி கீழே இருக்கும்படி நீரில் அமிழ்த்துகின்றன. நாக்கு நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடையில் பாசி தங்கிவிடுகிறது. அந்தப் பாசியிலுள்ள நிறமிதான் இறகில் ஏறிச் சிவப்பாகிறது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சிவப்பன்று. கூட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் சில பறவைகள் நின்றால், அவை நோயுற்றவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை இளையவை; இன்னும் சில காலம் உண்டு வளர்ந்தால் நிறம் வந்துவிடும்.

இந்தக் காலத்தில் பூநாரைகள் மட்டுமல்ல, மற்ற விருந்தாளிகளும் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. படகைச் சுற்றிப் பறக்கும் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலம் முழுவதும் தலை வெண்மையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் தெரியும். மார்ச் பிறந்ததும் தலை முழுவதும் காப்பிப்பொடி நிறமாகிவிடும். லடாக், திபெத் போன்ற உயர்ந்த நிலங்களின் ஏரிகளுக்கு அது திரும்பிப் போக வேண்டும். நீண்ட அலகால் சேற்றைக் குத்தும் கருவால் மூக்கனின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் படரும். அதன் வழி வடக்கே இன்னும் தூரம். கோடை விடுமுறைக்கு ஊர் போகுமுன் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கும் வீடு நினைவுக்கு வருகிறதல்லவா?

பூநாரைகள் சற்றுத் தாமதித்து, மே, ஜூன் வரை தங்கிப் புறப்படும். மழை பெய்து குஜராத்தின் கட்ச் ரண் வெள்ளக்காடாகும்போது, அங்கே சேற்றைக் குவித்துச் சிறு மேடு கட்டி, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிடும். பறவையியல் அறிஞர் சலீம் அலி 1945-இல் அந்த இடத்துக்கு நேரில் சென்று பார்த்தார். 2022-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் ஆறு பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினர். அவற்றுள் சில குஜராத்துக்குப் போனதையும், அங்கிருந்து இதே கழிக்குத் திரும்பி வந்ததையும் அந்தக் கருவி காட்டியது. வழி தவறி இங்கு வந்த பறவைகள் அல்ல அவை. இந்த இடத்தை அறிந்தே வருகின்றன.

எங்கள் படகில் திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு வயதான தாயார் இருந்தார். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏய்யா, பதினெட்டு வருசமா இந்த ஊர்ல இருக்கியே, இதை ஒருநாளும் சொல்லலையே?" என்று மகனைக் கேட்டார். "நானே இன்னைக்குத்தாம்மா பாக்கேன்" என்றார் அவர். சுற்றியிருந்த நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தப் பதில் எங்கள் எல்லாருக்கும் உரியதாயிருந்தது.

நாம் பாராத இடம் எளிதில் பாழாகிவிடும். நகரத்தின் கழிவுநீர் பாசிக்கு உரமாகிப் பறவைகளை ஈர்க்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. அதற்காகக் கழிவு நல்லது என்று கொள்ளலாகாது. ஆலை நஞ்சும் பிளாஸ்டிக்கும் அந்த நீரோடுதான் வருகின்றன. ஓதம் உயரும்போது சேறு மூழ்கிவிடுவதால், பூநாரைகள் இளைப்பாற நெரூல் பக்கத்து ஏரிகளுக்குப் பறந்து போகும். 2024-இல் அங்கே ஓர் ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டு, ஏரி வறண்டது. அந்தச் சுற்றுப்புறத்தில் பூநாரைகள் இறந்து கிடந்தன. குடியிருப்போர் விடாமல் குரல் எழுப்பினர். 2025 ஏப்ரலில் அந்த ஏரியைக் காப்பிடமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் அளித்தது. அதே 2024 மே மாதம் ஓர் இரவில், காட்கோபருக்கு மேலே தரையிறங்க வந்த விமானத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மாண்டன. அவற்றின் உடல்கள் வீடுகளின் அருகே விழுந்தன.

ஐரோலிப் பக்கத்துக் கழி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் தாணே கடற்கழி ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இவை நற்செய்திகளே. ஆயினும், சட்டம் காக்கும் எல்லைக்கு வெளியே கிடக்கும் ஏரியும் சேறும் இந்தப் பறவைகளுக்கு வேண்டும். உண்ண ஓர் இடமும் ஒதுங்க ஓர் இடமும் இல்லாமல் யார்தான் ஒரு நகரத்தில் பிழைக்க முடியும்? ஊரை விட்டு வந்து, முதல் வேலையும் முதல் வாடகை அறையும் தேடி அலைந்த நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே வாசகரே, இந்தப் பருவம் முடியுமுன் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் உரத்துப் பேசாதீர்கள். கூட்டம் பறந்தெழுவதைக் காண வேண்டும் என்று கைதட்டாதீர்கள். நீண்ட பயணத்துக்கு முன் உண்டுகொண்டிருப்பவர்களைப் பந்தியிலிருந்து எழுப்புவது நம் வழக்கமன்று.

திரும்புகையில் ரயில் மீண்டும் வாஷிப் பாலத்தைக் கடக்கும். அதே வாடைதான் வீசும். ஆனால் உங்கள் பிள்ளை மூக்கைப் பொத்துவதற்கு முன் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.