குர்லாவில் ஓர் இரும்புக் கூண்டு

மும்பை வாழ் நம்மவர்க்குக் குர்லா என்றதும் ஊருக்கு வண்டியேறும் திலகர் முனையமே நினைவுக்கு வரும். ரயில்வே எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கோ வேறெதுவும் நினைவுக்கு வர வழியில்லை. ஆயினும் பியட் 1100 வண்டியின் வழித்தோன்றலான பிரீமியர் பத்மினி கார் உருவான இடமும் குர்லாவே. 2023 அக்டோபரில் மும்பை டாக்சி வரிசையிலிருந்தும் அது விடைபெற்றது.

அத்தகைய பத்மினி ஒன்றைப் பழைய உதிரிபாகக் கடைகள் நெருங்கிய சி.எஸ்.டி. சாலையருகே ஒரு தகரக் கொட்டகையில் கண்டோம். மாட்டுங்காத் தமிழ் இளைஞர் ஒருவர் அதை ‘டிராக்’ பந்தயத்துக்கு ஆயத்தம் செய்கிறார். நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் பாய்வதே அப்பந்தயம். வளைவற்ற நெடுந்தளம் வேண்டுமாகையால் 1950இல் கலிபோர்னியாவின் சாந்தா அனாவில் விமானத் தளத்தையே நாடினர். நம் சோழவரத்துக் கார்ப் பந்தயங்களும் போர்க்கால விமானத் தளத்திலேயே நடந்தன.

நாம் சென்றபோது ‘ரோல் கேஜ்’ என்னும் கூண்டு ஏறிக்கொண்டிருந்தது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்கி ஓட்டுநரை அழுத்தாமல் தாங்குவது இதன் பணி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே தரையிலிருந்து கூரையைத் தொடும் பெரிய வளைவு. முன்கண்ணாடித் தூண்களை ஒட்டி இரு குழாய்கள். பின்புறம் சாய்ந்த முட்டுகள். அமெரிக்கப் பந்தயச் சங்க விதிப்படி, கால் மைலைப் பத்து விநாடிக்குள் கடக்கும் இத்தகைய பழைய வண்டிக்குக் கூண்டு கட்டாயம். இவ்வண்டி அவ்வேகத்தின் அருகிலும் செல்லாது. இருந்தும் இளைஞர் பிடிவாதமாக இருந்தார். அப்பிடிவாதம் நமக்குப் பிடித்தது.

சூட்சுமம் தரையில் இருக்கிறது. பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது. பெரம்பூர் ரயில் பெட்டியைப் போல உடலே பாரத்தைச் சுமக்கிறது. மெல்லிய தரைத் தகட்டில் குழாயை நேராகப் பற்றவைத்தால், கவிழும்போது அது தகட்டைத் துளைத்து இறங்கிவிடும். ஆகவே ஆறங்குலச் சதுரமும் எட்டில் ஓர் அங்குலக் கனமும் உள்ள இரும்புத் தகடுகளைத் தரையின் மேலும் கீழும் வைத்து, நான்கு போல்ட்டுகளால் இறுக்கினார் மிஸ்திரி. அழகுக்காக மெல்லிய குழாய் பூட்டித் திரிவோரும் உண்டு. அதைவிடப் பூட்டாதிருப்பதே மேல் என்பது அவர் கருத்து.

இளைஞரின் தந்தையார் கழற்றிய பின்னிருக்கையின் அருகே நின்றிருந்தார். மகனைக் கைக்குழந்தையாக வீட்டுக்கு அழைத்து வந்தது அவ்விருக்கையில்தான்.

“இதை மட்டுமாவது திரும்பப் பொருத்தலாமா, பாய்?” என்று இந்தியில் வினவினார்.

“பொருத்தலாம், சாச்சா. பேரப்பிள்ளைகளை மட்டும் உட்கார வைக்காதீர்கள்” என்று மிஸ்திரி குழாயை விரலால் தட்டிக் காட்டினார். பந்தயத்தில் தலைக்கவசமும் உடலை இறுக்கும் வாரும் உண்டு. வீதியிலோ சிறு மோதலிலேயே வெறுந்தலை அக்குழாயில் மோதும். உறை சுற்றினாலும் போதாது. மேலும், பதிவுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றி வீதியில் ஓட்டச் சட்டமும் இடந்தராது.

“ரோட்டில் ஓட்டவே மாட்டேன், அப்பா. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவேன்” என்றார் மகன்.

தந்தையார் பதில் சொல்லவில்லை. வெளியே சென்று ஒரு டெம்போவை அழைத்து வந்தார். இருக்கையின் ஒரு முனையை நாமும் பிடித்து ஏற்றினோம். அடுத்த ஞாயிறு கதவுப் பக்கக் குழாய்கள் ஏறும் என்றார் மிஸ்திரி.