உழவு இயந்திரம் நிற்கும் முன்பள்ளி

முற்றத்தின் நடுவில் ஒரு பழைய உழவு இயந்திரம் நின்றது. சில்லுகளில் காற்று இல்லை. இருக்கையின் உறை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாலு வயதுப் பையன் ஒருவன் உறுமிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த மரப்பெட்டிகளில் மூன்று பேர் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிவரக் கால் உடைந்த இரும்புக் கட்டில், கைபிடி இல்லாத சட்டிகள், தட்டச்சு இயந்திரம், வயர் நறுக்கப்பட்ட அயன்பெட்டி, பலகைகள், ரயர்கள், மீன்வலைத் துண்டு, ஏணி, துணி துவைக்கும் இயந்திரத்தின் உருளை. ஊஞ்சலும் சறுக்கும் ஒரு மூலையில் இருந்தன. அவற்றில் ஒரு பிள்ளையும் இல்லை.

"அக்கா, இஞ்ச பாருங்க. எல்லாம் ஆக்கள் வேணாமெண்டு கழிச்ச சாமான்தான். இந்தப் புள்ளைகளுக்கு இதுதான் உலகம்" என்றாள் தங்கச்சி.

தங்கச்சி என்றால் சின்னம்மாவின் மகள். பெரியகல்லாற்றிலிருந்து இஸ்ரேலுக்கு வந்து, வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறாள். இலங்கையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். 2019 ஜனவரியில் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட திருயாத்திரைக் குழுவோடு நாசரேத்தும் கலிலேயாக் கடலும் பார்த்து, யோர்தானை ஒட்டித் தெற்கே இறங்கும்போது, போதகரிடம் கேட்டுக்கொண்டு அவளிடம் தங்கினேன். அவள் பார்த்துக்கொள்ளும் மூதாட்டியின் பூட்டப்பிள்ளை அந்த முன்பள்ளியில் படிக்கிறாள். நானும் முன்பள்ளி ரீச்சர் என்று கேட்டதும் வாசல் திறந்துவிட்டது.

இடம் ஸ்தே எலியாஹு என்ற கிப்புட்ஸ். நிலமும் வருமானமும் எல்லோருக்கும் பொது என்று சேர்ந்து வாழத் தொடங்கியவர்களின் ஊர். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத இளைஞர்கள் 1939இல் அமைத்தது. வேதாகமத்தில் சவுல் அரசனின் உடலைத் தொங்கவிட்டதாகச் சொல்லப்படும் பெத்செயான் பக்கத்தில்தான் இருக்கிறது. மேற்கே கில்போவா மலை, கிழக்கே யோர்தானுக்கு அப்பால் கீலேயாத்தின் மலைகள். நடுவில் பேரீச்சந்தோட்டங்கள், மீன் வளர்க்கும் குளங்கள். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக மணலில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 200 மீற்றரில் நின்று மூச்சு விடுவதே ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் 1942 ஜூனில் 54 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாகியிருக்கிறது. ஜனவரியில் அது பச்சைப் பசேலென்று, குளிர் காற்றோடு இருந்தது. வயல்களில் கம்பங்களின் மேல் மரப்பெட்டிகள். கூகைகள் குடியிருக்க வைத்தவை. எலிகளை மருந்து வைத்துக் கொல்வதற்குப் பதிலாகக் கூகைகளிடம் விட்டுவிட்டார்கள், 1980களிலிருந்து.

பழைய சாமான் முற்றத்துக்கு வருகிறேன். அதன் பின்னால் ஒரு ரீச்சர் இருக்கிறார்: மல்கா ஹாஸ். பேர்லினில் பிறந்து இந்தக் கிப்புட்ஸில் பிள்ளைகளோடு வாழ்ந்தவர். வாங்கி வைத்த விளையாட்டுப் பொருளை விடப் பெரியவர்கள் கையாண்டு தேய்ந்த பொருள்தான் பிள்ளைகளை இழுக்கிறது என்பதை அவர் கவனித்தார். பொம்மைச் சட்டியில் ஒரு விளையாட்டுத்தான் இருக்கிறது. அம்மாவின் உடைந்த சட்டியில் ஒரு வீடே இருக்கிறது. அவர் வளர்த்தெடுத்த முறை நாடெங்கும் கிப்புட்ஸ் முன்பள்ளிகளுக்குப் பரவியது. இதை ஒத்த ஒன்று டென்மார்க்கிலும் நடந்தது. 1943இல், ஜேர்மன் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் சோரன்சன் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பிள்ளைகளுக்கென்று கழிவுப்பொருள் மைதானம் ஒன்றைத் திறந்தார். இரண்டும் போர் சூழ்ந்த தலைமுறையின் வேலை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கிப்புட்ஸின் முற்றம் பார்ப்பவருக்குக் குப்பைமேடு. ஆனால் அங்குள்ள ரீச்சரின் வேலை எங்களுடையதை விடக் கடினம். ஒவ்வொரு பொருளையும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி இருக்கக் கூடாது, கூர் இருக்கக் கூடாது, மின்வயர் நறுக்கப்பட வேண்டும், குளிர்சாதனப் பெட்டி வந்தால் கதவைக் கழற்ற வேண்டும். இற்றுப்போனது வெளியே போகும், புதிதாய்ப் பழசு உள்ளே வரும். முக்கியமான சட்டம் ஒன்று: பிள்ளைகள் கட்டியதை மாலையில் கலைக்கக் கூடாது. நாளை வந்து அதே வீட்டில் குடியேறுவார்கள், இல்லாவிட்டால் அவர்களே இடிப்பார்கள். ரீச்சர் சற்றுத் தள்ளி ஒரு பலகையில் உட்கார்ந்து பார்க்கிறார், குறிப்பெழுதுகிறார். சண்டை வந்தால் உடனே ஓடவில்லை. இரண்டு பேர் ஒரு ரயருக்காக இழுபட்டார்கள். மூன்றாமவள் ஒருத்தி அதை உருட்டிக்கொண்டு போனாள். இழுபட்டவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள். ரீச்சர் எழும்பவே இல்லை.

உழவு இயந்திரக்காரன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். "ஏறச் சொல்றான் அக்கா" என்றாள் தங்கச்சி. ஏறினேன். கட்டணம் ஒரு காய்ந்த இலை. எங்கே போகிறது என்று கேட்கச் சொன்னேன். கடலுக்காம். எந்தக் கடலுக்கு என்று திரும்பக் கேட்டதற்கு அவன் யோசித்துவிட்டு, எனக்கு எந்தக் கடல் வேண்டும் என்று கேட்டான்.

நான் போன நாள், ஜனவரி 21, யூதர்களுக்கு மரங்களின் புத்தாண்டு. ஷெவாத் மாதத்தின் பதினைந்தாம் நாள், முழுநிலவு நாள். எங்களுக்கு அன்று தைப்பூசம். ஊரில் புதிர் எடுக்கிற, பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அதே நிலவுக்கு இன்னொரு மக்கள் தங்கள் பிள்ளைகளை மரம் நடக் கூட்டிப் போகிறார்கள் என்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் இந்த நாளில் மரம் நடும் வழக்கம் 1890இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் செயேவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர் தன் மாணவர்களோடு நட்டதிலிருந்து வந்ததாம். ஒரு வாத்தியார் ஒருநாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனது நாட்டின் திருவிழாவாகிவிட்டது!

உள்ளே தாழ்ந்த மேசைகளில் பழங்கள். அத்தி, பேரீச்சை, மாதுளை, ஒலிவம், முந்திரிகை, பாதாம், புளியம்பழத்தை ஒத்த கறுத்த நெற்று ஒன்று. அதன் பெயர் கரோப், கடித்தால் பாணிபோல இனிக்கிறது. யூதர் பழம் உண்ணுமுன் ஆசி சொல்வார்கள். மரத்தில் காய்த்ததற்கு ஓர் ஆசி, நிலத்தில் விளைந்ததற்கு வேறு. ஆகவே எதையும் வாயில் போடுமுன் பிள்ளை அதன் பிறப்பை அறிந்திருக்க வேண்டும். ரீச்சர் இரண்டு கூடைகளை வைத்தார். ஒவ்வொருவராக வந்து ஒரு பழத்தை எடுத்து, மரமா நிலமா என்று சொல்லிப் போட வேண்டும். தோடம்பழம், மரம். தக்காளி, நிலம். வாழைப்பழம் வந்தது. ஒரு பெண்பிள்ளை மரக்கூடையில் போடப் போனாள். இன்னொருத்தி தடுத்தாள். வாழை நிலக்கூடையைச் சேர்ந்தது என்பது பழைய சட்டம். தண்டு நிலைத்து நிற்காது, குலை போட்டதும் மடிந்துவிடும், அடியிலிருந்து புதிது வரும், ஆகவே அது மரமில்லை.

இதைக் கேட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குலை வெட்டிய வாழையை அடியோடு சாய்த்து, பக்கத்தில் வரும் குட்டியை விட்டுவைப்பதை எங்கள் வளவில் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். தங்கச்சியிடம் சொன்னேன். அவள் ரீச்சரிடம் சொன்னாள். ரீச்சர் என்னைப் பிள்ளைகளின் நடுவே இருத்தி, சொல்லச் சொன்னார். தமிழில் சொன்னேன், கையால் காட்டினேன், தங்கச்சி எபிரேயத்தில் தொடர்ந்தாள். வாழைப்பூவை வறுத்து உண்போம், இலையில் சோறு போடுவோம், தண்டையும் சமைப்போம் என்றதும் ஒருவன் எழும்பி, வாழை உங்களுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதா என்று கேட்டான்.

மரம் நட்ட முதல் மூன்று ஆண்டுப் பழத்தை அவர்கள் உண்பதில்லை. அந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் பார்க்கிறவர்கள் உண்டு. ஆண்பிள்ளைக்கு மூன்று வயது வரை முடி வெட்டாமல் விட்டு, மூன்றில் வெட்டி, அன்றோடு எழுத்தைக் காட்டுவார்கள். எழுத்தில் தேன் தடவி நக்கக் கொடுப்பது ஐரோப்பிய யூதரிடம் இடைக்காலத்திலேயே இருந்த சடங்கு. எங்கள் மூன்று வயதுக்காரர் அரிசியில் விரல் வைக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கும் யூதப் பிள்ளைக்கும் கல்வி வாயும் விரலும் தொட்டுத்தான் தொடங்குகிறது.

சுவரில் ஒரு பெரிய வட்ட அட்டை. அதில் நிலவு தேய்ந்து வளர்கிறது, நாளுக்கொருவர் முள்ளைத் திருப்புகிறார்கள். திருநாட்களின் படங்கள் அதைச் சுற்றி. கூடாரத் திருநாள், மரத் திருநாள், பஸ்கா எல்லாம் பதினைந்தாம் நாளில், முழுநிலவில். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர்க்காரிக்கு இது அந்நியமில்லை. நான் வேதக்காரியானாலும் அந்தப் பறை கேட்டு வளர்ந்தவள். சூரியக் கணக்கிலிருந்து நிலவுக் கணக்கு விலகிப்போகாமலிருக்க அவர்கள் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். அந்த ஆண்டும் பதின்மூன்று மாதம். ஐந்து வயதுக்காரர் அதை விரல் மடித்துச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் மா பிசைந்து, பின்னி, ஓய்வுநாள் ரொட்டி சுடுகிறார்கள். பிள்ளைகளில் ஒருவர் அன்றைய அம்மா, ஒருவர் அன்றைய அப்பா. மேசை விரிப்பும் திராட்சைச் சாற்றுக் கிண்ணமும் அவர்கள் பொறுப்பு. பஸ்கா இரவில் வீட்டிலேயே இளையவர்தான் கேள்வி கேட்க வேண்டும்: இன்றைக்கு மட்டும் ஏன் இந்தச் சாப்பாடு, ஏன் இந்த முறை என்று. கேட்டால்தான் பெரியவர்கள் எகிப்தின் கதையைத் தொடங்கலாம். பிள்ளைகள் தூங்கிவிடாமலிருக்க ரொட்டித் துண்டொன்றை ஒளித்துத் தேடச் செய்கிறார்கள். முன்பள்ளியில் அதற்கு வாரக்கணக்கில் விளையாடிப் பழகுவார்களாம். ஒரு மதத்தின் மிகப் பெரிய இரவைச் சின்னவரின் வாயில் ஒப்படைத்திருப்பதை நான் இப்போதும் வியந்து கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் முன்பள்ளிகளிலும் ஒன்றும் குறைவில்லை. வாணி விழா, ஒளிவிழா, பொங்கல், சித்திரை விளையாட்டு, எல்லாவற்றுக்கும் மேலே சிறுவர் சந்தை. தேங்காயும் கீரையும் மாங்காயும் வைத்துப் பிள்ளைகள் தாய்மாருக்கு விற்கிற அந்த நாள், எந்த நாட்டு முன்பள்ளியும் பொறாமைப்படத்தக்கது. ஆனால் பல இடங்களில் விழா விருந்தினருக்காக நடக்கிறது. பிள்ளை உடுப்பு மாட்டி, பூசி, பொழுதேறும்வரை மேடைக்குப் பின்னால் காத்திருக்கிறது. சந்தையில் விலை சொல்வதும் காசு வாங்குவதும் பின்னால் நிற்கும் அம்மா. மிச்ச நாட்களில் நாலு கோட்டுக் கொப்பி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் பயம் மூன்று வயதுவரை இறங்கி வந்து, பென்சில் பிடிக்கப் பலமில்லாத விரலை வளைக்கிறது. இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். சுனாமிக்குப் பிறகு, 2005இல், எங்கள் கரையோரப் பிள்ளைகள் இடிந்த சுவர்க் கல்லைப் பொறுக்கி வீடு கட்டி விளையாடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளையாட்டு எவ்வளவு பெரிய வேலை என்று.

முன்பள்ளிக் கட்டடத்தில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஒரு பாதுகாப்பு அறை இருந்தது. உள்ளே மீனும் பூவும் வரைந்திருந்தார்கள். பதுங்கு குழி தெரிந்த தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கில்போவாவுக்கு அப்பால் ஜெனின். அங்கே பலஸ்தீனப் பிள்ளைகள். அன்றைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பூத்திருந்தது. அந்த அறையைப் பார்த்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் மன்றாடினேன்.

பிறகு எருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குள், கொச்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பொருத்திய கடவும்பாகம் ஜெபாலயத்தின் உட்புறத்தைப் பார்த்தேன். கேரளத்தின் யூத ஜெபாலயங்களில் பெண்களின் மாடத்துக்குப் பின்னால், மேல்தளத்தில், பிள்ளைகளின் வகுப்பறை இருப்பதுண்டு. தாய்மார் மலையாளத்தில் பாட்டுப் பாடிய சமூகம் அது. எழுத்துப் படித்த சிறுசுகளின் குரல் ஜெபத்துக்கு மேலாக இறங்கியிருக்கும்.

ஊருக்கு வந்து தாய்மாரைக் கூட்டிப் பேசினேன். சிலர் முகம் சுளித்தார்கள், குப்பையில் விளையாடவா காசு கட்டுகிறோம் என்று. ஒரு தகப்பன், மேசன், மறுநாளே தன் பழைய மணலரிப்பையும் வாளிகளையும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு வலை மிதவைகள் வந்தன, தோணியின் பக்கப்பலகை வந்தது, ஓடாத தையல் இயந்திரம் வந்தது, அதன் ஊசியை நானே கழற்றினேன். அந்த ஆண்டுச் சிறுவர் சந்தைக்குக் கடை கட்டியவர்கள் பிள்ளைகளே. தோணிப்பலகையில் மாங்காய் அடுக்கி, தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி விலை சொன்னார்கள். ஒரு மாங்காய் ஐந்து ரூபாய். பேரம் பேசிய அம்மம்மாவுக்கு எட்டு.