போர்வண்டிக்காரர் வீடு மாறுகிறார்

திருச்செங்கோட்டில் லாரி நின்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு போர்வண்டி நிற்கும் ஊர் இது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டிகள் இங்கிருந்து கிளம்புகின்றன. கப்பலேறி ஆப்பிரிக்கா போன வண்டிகளும் உண்டு. இன்று காலை டீக்கடைக்கு எதிர்வீட்டு வாசலில் நின்ற லாரியை மட்டும் தெருவே எட்டிப் பார்த்தது. இரும்பு ராடும் கேசிங் பைப்பும் ஏறிப் பழகிய இடத்தில் கட்டிலும் பீரோவும் ஏறிக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ராடு மாட்டுகிற வேலையில் இருந்தவர்களின் கையை இந்த ஊரில் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். சுமை ஏற்றிய பையன்கள் இருவரும் வடக்கத்தியர். "தீரே தீரே, கண்ணாடி ஹை" என்று அவர்களிடம் பேசியது வேலைத்தளத்தில் கற்ற இந்தி. பையன்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தது. வந்தால் உடனே நிற்காத இருமல். பாறையைக் குடைகிறபோது கம்ப்ரஸர் காற்று வெண்புகையாக மேலே தள்ளும் கல்மாவை முப்பது நாற்பது வருடம் சுவாசித்தவர்களுக்கு வருகிற இருமல் அது. ஈரத்துணியால் மூக்கைக் கட்டச் சொல்ல அந்தக் காலத்தில் ஆளில்லை. இன்றைக்கும் பல வண்டிகளில் பையன்கள் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்குத் தெருவில் ஆள் இருந்தது.

"ஏனுங்க்கா, மெய்யாலுமே கெளம்பிட்டீங்களா?" என்றபடி கூடையை இறக்கினாள் கீரைக்காரம்மா.

"ஆமாங்க. காரைக்காலுக்கு."

"காரைக்குடியா?"

"காரைக்கால். கடலோரம். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போவாங்கல்ல, அதுக்குப் பக்கத்தாலதான்."

"அய்யோ, சனீஸ்வரன் பக்கத்துலயே போயிக் குடியிருக்கறதா?"

"நளனுக்கே அங்கதானே விட்டுப் போச்சு. எங்களுக்கும் விடட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டு அம்மா துளசித் தொட்டியைத் தன் கையாலேயே தூக்கி வந்து லாரியின் ஓரத்தில் வைத்தார். பையன்களை அதைத் தொட விடவில்லை.

ஏன் காரைக்கால் என்பதைத் தெரு துண்டு துண்டாகச் சொல்லிற்று. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பெங்களூரில் கிளம்பும் ஒரு ரயில் ஓசூர், தருமபுரி, சேலம், ஆத்தூர், விருத்தாசலம் என்று வந்து மாயவரம், நாகப்பட்டினம் வழியாகக் காரைக்காலில் போய் நிற்கிறது. மகன் ஏறி உட்கார்ந்தால் பெற்றோர் இருக்கும் ஊரில் இறங்கலாம். நடுவில் மாற வேண்டியதில்லை. அங்கே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் 2016இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக் கிளையும் அதே ஊரில் இருக்கிறது. இருமல்காரருக்கு அது பெரிய தைரியம். வாடகை இங்கே கேட்பதைவிடக் குறைவு. இந்த வீட்டைத் தறிக்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அவர் தருவதில் அங்கத்திய வாடகை போக அரிசிக்கும் மிஞ்சும் என்று அம்மா விரல்விட்டு எண்ணிக் காட்டினார். 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, இப்போது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் துண்டாகத் தமிழ்நாட்டுக்கு நடுவில் கிடக்கும் ஊர் அது. அங்கே வரி வேறு. லாரிக்காரத் தம்பிக்கு அதுதான் முதலில் தோன்றியது. "டீசல் அங்க போயிப் போட்டுக்கறனுங்க மாமா, இங்க பாதி டேங்க் போதும்."

கிழக்கு வீட்டு ஆத்தா கைத்தடியை ஊன்றி வந்து நின்றார். கேட்க நினைத்ததைச் சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கடல் பொங்குச்சே. டிவியில காட்டுனானே. அங்கதான போறீங்க?"

தெரு கொஞ்சம் அடங்கியது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரும், பக்கத்திலேயே காரைக்கால் வட்டாரத்தில் பல நூறு பேரும் போனார்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் அன்று டிவி இருந்த வீட்டு முற்றங்களெல்லாம் ஆட்களால் நிறைந்திருந்தன. கடலை நேரில் பார்த்தே இராதவர்கள் அன்றைக்கு அதைப் பார்த்தார்கள். கடலில்லாத இந்தப் பக்கத்துக்காரர்களின் மனதில் கடல் அந்த உருவத்தில்தான் தங்கியிருக்கிறது.

பெரியவர் முடிச்சை இறுக்கிவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"போயிப் பார்த்துப்போட்டுத்தான் வந்தனுங்காத்தா. கடலைப் பார்த்த வீடு ஒண்ணு காட்டுனாங்க. மாடியில நின்னா அலை தெரியும்னாங்க. வேண்டாம்னுட்டேன். மீன்காரங்களக் கேட்டேன், அன்னிக்குத் தண்ணி எதுமுட்டும் வந்துச்சுன்னு. ஒரு பாட்டையா கூடவே நடந்து வந்து காட்டுனாரு, இந்தச் செவுரு, இந்தப் பூவரசு மரம்னு. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ரண்டு கிலோமீட்டரு தள்ளி, மாடி வீடாப் பார்த்துட்டேன். கடலைப் பார்க்கோணும்னா சாயங்காலம் நடந்து போய்க்கலாம்."

இந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. கடலோரத்தில் நிதானமான வாழ்க்கை, குறைந்த விலையில் மனை என்று விளம்பரம் செய்கிறவர்கள் அலைக்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான் சொல்கிறார்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் யார் என்று சொல்வதில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில், தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்த மீனவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு கிடைக்கும். இருந்த இடத்திலேயே இருப்பதானால் கட்ட உதவி கிடையாது. படகும் வலையும் கரையில் கிடக்க, குடும்பம் உள்ளே போனது. பிறகு, 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கிராமப் பகுதிகளில் கட்டடம் கட்டக்கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. அபாயம் என்று சொல்லி மீனவரை நகர்த்திய கரை, அதே ஆயுளுக்குள் விடுதிக்கும் விடுமுறை வீட்டுக்கும் உகந்த இடமாகிவிட்டது. வெளியூரிலிருந்து போகிறவர் மலிவு என்று அந்த மண்ணை வாங்கினால், வேறொருவர் கொடுத்த விலையையும் சேர்த்தே வாங்குகிறார். இந்தப் போர்வண்டிக்காரர் அப்படிப் போகவில்லை. மீன்காரரையே கேட்டு, அவர் காட்டிய மரத்தை எல்லையாக வைத்துக்கொண்டார். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப முன்னயே சொல்லிப்போடறாங்க ஆத்தா" என்று லாரித் தம்பி உள்ளே புகுந்தான். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. புயல் சமயத்துச் செய்தியில் காரைக்கால் ரேடார் என்று வருமே, அது அந்த ஊரிலேயே இருக்கிறது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. தென்னைகள் எல்லாம் சாய்ந்துதான் போயின. உயிரை எச்சரிக்கை காப்பாற்றும். ஓட்டையும் மரத்தையும் காப்பாற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போய்விட்டு இங்கே வந்து சொல்லட்டும் என்று ஆத்தா முணுமுணுத்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

"தண்ணி எப்படீங்க?" என்று கேட்டார் டீக்கடைக்காரர், கிளாஸ் கழுவிக்கொண்டே.

காலையிலிருந்து பெரியவர் காத்திருந்த கேள்வி அது என்று நினைக்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இருவது அடிங்க!"

தெருவில் நாலைந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். இங்கே இருபது அடியில் மண்கூட முடிந்திருக்காது சில இடங்களில்; அதற்குக் கீழே கரும்பாறை. ஆறரை இஞ்சு பிட்டைப் போட்டு, ஹாமர் அடித்து, ராடுக்கு மேல் ராடாக மாட்டி எழுநூறு, ஆயிரம், அதற்கு மேலும் போவார்கள். பாறையில் வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் புகை. எந்த அடியில் என்ன கல் வரும் என்று சத்தத்தை வைத்தே சொல்கிற மனிதர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இவரும் அப்படிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். அடி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய தொழில். ஆழம் கூடினால் வண்டிக்காரருக்குக் காசு, வீட்டுக்காரருக்குக் கடன். இந்த ஊர் வளர்ந்ததும் தோட்டங்கள் வற்றியதும் ஒரே துளை வழியாகத்தான்.

"அங்க ஹாமர் வேலைக்கே ஆகாதுங்க. பூரா மணலு. கைபோர்தான். ரண்டு ஆளு, ஒரு பைப்பு, ஒரு நாள்ல முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, பேராசைப்பட்டுக் கீழ போகக் கூடாது. போனா உப்பு."

அவர் சொன்னது சரி. கடலோர மணலில் மழைத்தண்ணீர் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல், பாலில் ஆடை படிவதுபோல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். மேலே ஓரடி குறைய உறிஞ்சினால், கீழே உப்பு அந்த நாற்பதடியும் ஏறி வரும். ஏறினால் சீக்கிரம் இறங்காது. இங்கே கீழே போகப் போகத் தேடல்; அங்கே மேலே நிற்பதைக் கலைக்காமல் இருப்பதே வித்தை. வாழ்நாள் முழுக்கத் துளைத்தவர் இனி துளைக்கக் கூடாத மண்ணில் குடியிருக்கப் போகிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு புதுப் பாறையைப் பற்றிச் சொல்வதுபோல் ஆர்வமாகத்தான் சொன்னார்.

பீரோ ஏறும்போது அம்மா தயங்கினார். "உப்புக்காத்துல துரு ஏறிப்போயிரும்னு சொல்றாங்களே."

"பெயின்ட் அடிச்சுக்கலாம்."

"இது?" என்று காலால் தள்ளிக் காட்டினார். கதவு அடிக்காமலிருக்க வைத்திருந்த பழைய பிட். முகத்திலிருந்த கெட்டி உலோகக் குமிழ்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. இந்த ஊரில் பல வீடுகளில் கதவுக்கு முட்டுக்கொடுப்பது இதுதான்.

அவர் பதில் சொல்லாமல் அதைத் தூக்கி வந்து, லாரியின் முன்பக்கம், டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டார். அம்மாவும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டுக்கல்லை மட்டும் கீழே விட்டார்கள். அதற்குக் கீரைக்காரம்மா பெயர் சொல்லி வைத்திருந்தாள். ராகி மூட்டையும் கடலைக்காய் மூட்டையும் ஏறின. "அங்க அரிசிதான். களிக்கு ராகி கிடைக்குமோ என்னமோ" என்று அம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"தேர் நோம்பிக்கு வந்துருவீங்கல்ல?" என்று ஆத்தா கேட்டார். வைகாசியில் அர்த்தநாரீஸ்வரர் தேர்.

"வராம? ரயில் இருக்குதே."

"அங்க காவேரித் தண்ணிதானுங்க" என்றார் பெரியவர், ஆத்தாவைத் தேற்றுகிறவராக. "நம்ம பள்ளிபாளையத்துல ஓடறது, மோகனூர் தாண்டி, திருச்சி தாண்டி, கும்பகோணத்துக்கு முன்னாலயே அரசலாறுன்னு பிரிஞ்சு, காரைக்கால்லதான் கடலுக்குப் போகுது. நாம முன்னால குடிச்சுப்போட்டு விட்டதுதான் அங்க வருது."

"அப்பச் சாயத்தையும் சேர்த்துத்தான் வரும்" என்றார் டீக்கடைக்காரர். யாரும் மறுக்கவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக்கழிவு ஆற்றில் கலப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதன் கடைக்கோடியில் குடியிருப்பவரைப் பற்றி யாராவது நினைத்துப் பார்த்திருந்தால் ஆறு இன்னும் கொஞ்சம் ஆறாக இருந்திருக்கும். இனி இந்தத் தெருவுக்கு அங்கே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

தார்ப்பாயைப் போர்த்திக் கட்டியாயிற்று. அம்மா உறவுக்காரப் பெண்ணோடு சேலம் போய் ரயிலேறுவதாக ஏற்பாடு. பெரியவர் லாரியில் வருவதாகப் பிடிவாதம். "ராஜஸ்தானுக்கே வண்டியில போனவன்" என்றார். அதற்கு மேல் யார் என்ன சொல்வது.

லாரித் தம்பி ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "ராத்திரி எறக்கிப்போட்டு, விடியால வேதாரண்யம் வந்தர்றனுங்க. உப்பு எத்தன டன்னு? ஆமா, சேலத்துக்குத்தான். மார்க்கெட்லயே எறக்கிக்கலாம்."

ஏறப்போன பெரியவர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். "வாடகை பேசறப்ப ரிட்டன் லோடு கெடைக்காது, எம்ட்டியாத்தான் வரோணும்னு சொன்னியே தம்பி?"

"இப்பத்தானுங்க மாமா கெடச்சுது."

"எவ்வளவு கொறைக்கறே?"

"ஐநூறுங்க."

"ஆயிரம்."

"டோலு இருக்குதுங்களே மாமா..."

"நாமக்கல்லு தாண்டுனா தொட்டியம், முசிறின்னு போற ரோட்டுல எத்தன டோலுன்னு எனக்குத் தெரியாதா? ஏறு, வழியில பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.